மடிப்பு மாற்றும் நேரம்

"மடிப்பு மாத்தற நேரம் ஆயிடுச்சும்மா."

என் மாமனார் சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கூடத்தில் ஒரு மரப்பலகைமேல் இடப்பக்கமாகப் படுத்திருந்தேன். துவைத்துத் துவைத்து மெலிந்துபோன அவருடைய பழைய வேட்டி ஒன்று என்னைக் கழுத்துவரை சுற்றியிருந்தது. வயிற்றில் ஏழரை மாதம். தலைமாட்டில் பூச்சி வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலை.

நான் வலப்பக்கம் திரும்பாமல் அவர் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். பெருமூச்சு விட்டுக்கொண்டே திரும்பினேன்.

"இப்ப சரி," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். கடை ஒன்றும் தூரமில்லை, வீட்டின் முன்னறைதான். அங்கே உட்கார்ந்து, சூரத்திலிருந்து வரும் ஜரிகையை நெசவாளர்களுக்கு விற்பார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வருவார்.

போன வாரம் நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "புகுந்த வீட்டில் உங்களைக் கொடுமைப்படுத்தினார்களா?" என்று கேட்டிருந்தார். இல்லை அம்மா, பாதுகாத்தார்கள். அதில் நானும் என் குழந்தையும் உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன்.

தறிக்கால்

நான் வந்தவாசிக்காரி. வேதியியல் படித்துவிட்டு, கல்யாணமாகி வந்த பிறகு ஆரணியில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று பலகையில் எழுதிப் போட்டு, பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அதையே கேட்பவள். இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். பின்னால் வரும் என் முட்டாள்தனத்தை அளக்க உதவும்.

ஆறாம் மாதம் எனக்குக் கால் வீங்கியது. வேறு வீடாக இருந்தால் யாராவது பயந்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், கொல்லைப்பக்கத் தறியில் முப்பது வருடமாகப் பட்டு நெய்கிறவர். தரையில் தோண்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருந்தால் சாயங்காலம் யாருக்கும் பாதம் வீங்கும். அதற்கு எங்கள் வீட்டில் தறிக்கால் என்று பெயர். அது நோயில் சேர்த்தி இல்லை, தொழிலில் சேர்த்தி.

"இது தறிக்கால்தான். சுடுதண்ணில வையி, போயிடும்," என்றார் அத்தை.

"நான் தறியில உக்காரவே இல்லையே அத்தை."

"நீ நின்னுகினே பாடம் எடுக்கற. எல்லாம் ஒண்ணுதான்."

எதிர்வீட்டு அம்மாள் வந்து பார்த்துவிட்டு, இடது கால்தான் அதிகம் வீங்கியிருக்கிறது, அதனால் பையன் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த வீட்டுக்காரர் அதையே காரணமாகக் காட்டிப் பெண் என்றார். என் கால் தெருவுக்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது. டாக்டரிடம் காட்டலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்த எனக்கும் தோன்றவில்லை.

ரெண்டு நாலும் ரெண்டு எட்டும்

அதைச் சொன்னவர் வளையல்காரம்மா.

தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். தோளில் வளையல் சரங்கள், இடுப்பில் வெற்றிலைப் பை. பெயர் பச்சையம்மா. என் கல்யாணத்துக்கு வளையல் போட்டவர் அவர்தான். பங்குனியில் என் வளைகாப்புக்கும் அவரையே கூப்பிட்டிருந்தார்கள்.

அன்றைக்குக் கூடத்தில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் என்று அண்டா அண்டாவாக இருந்தது. தொட்டுக்கொள்ள நாலு வகை ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். ஆசீர்வாதம் ஆரம்பிக்கும் முன்பே நான் ஒரு சுற்று முடித்திருந்தேன். அம்மா வந்தவாசியிலிருந்து வந்திருந்தார். வளையல் போட்டதும் என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு.

பச்சையம்மா என் கையைப் பிடித்து அமுக்கினார். வளையலை விரல்வழியே ஏற்றினார். அது முட்டியிலேயே நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் பெரியதை எடுத்தார். அதுவும் நின்றது.

"டீச்சரம்மா, உன் கையி ரெண்டு நாலு. கல்யாணத்துலயும் நான்தான் போட்டேன், பொங்கலுக்கும் நான்தான் போட்டேன். இன்னிக்கு ரெண்டு ஆறே ஏறல."

அத்தை இதைத் தன் சமையலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நல்லா சாப்பிடறா இல்ல," என்று சபையைப் பார்த்துச் சொன்னார்.

"சாப்பாட்டுல வயிறு பெருக்கும், தோளு பெருக்கும். ரெண்டு மாசத்துல உள்ளங்கை பெருக்காதுக்கா. இது சதை இல்ல, தண்ணி. அந்த மோதிரத்தக் கழட்டச் சொல்லு பாப்போம்."

மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டும் அசையவில்லை.

பச்சையம்மா குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க. என் பெரிய பொண்ணுக்கு இப்படித்தான் வந்துச்சு…" என்று ஆரம்பித்தவர், நல்ல காரியம் நடக்கிற இடம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். ரெண்டு எட்டு அளவில் தேடி எடுத்து இரண்டு கைகளுக்கும் போட்டார். பிறகு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் சரங்களைக் கட்டினார். அவர் சொல்லாமல் விட்ட மீதிதான் எங்களை மறுநாள் காலையிலேயே கிளப்பியது.

ஒரு 'ஆமா'

டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். திருப்தியில்லாமல் இன்னொரு முறை அடித்தார். சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார். பிரஷர் ஏறியிருந்தது. சிறுநீரில் போகக்கூடாத புரதம் போய்க்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் சென்னைக் கடைகளுக்குப் புடவை கொண்டுபோயிருந்தார். அதனால் என்னோடு வந்தவர்கள் மாமாவும் அத்தையும்தான். டாக்டரம்மா மாமாவுக்குப் புரியும்படி சொல்ல முயன்றார்.

"குழந்தைக்குச் சத்து அனுப்பற நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாப் போகலைன்னா, அங்கேருந்து வேண்டாத சரக்கெல்லாம் தாயோட ரத்தத்துல கலக்கும். அது ரத்தக்குழாய உள்பக்கமா அரிக்கும். குழாய் இறுகும், பிரஷர் ஏறும். துருப் பிடிக்கற மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

மாமா யோசித்தார். "ஜரிகை கறுக்கற மாதிரிங்களா?"

வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். டாக்டரம்மா, "ஆமா, அதே மாதிரிதான்," என்று சொல்லிவிட்டார்.

அந்த ஒரு ஆமாவில் எனக்கு ஏழரை பிடித்தது.

பிரஷருக்கும் இரும்புச்சத்துக்கும் கால்சியத்துக்கும் மூன்று வகை மாத்திரை எழுதித் தந்தார். ஓய்வாக இடப்பக்கம் படுக்க வேண்டும். பால், பருப்பு, முட்டை, கீரை, கொய்யா, நெல்லிக்காய் சாப்பிட வேண்டும். இந்தத் துருவுக்கு எதிராக உடம்பு சண்டை போடப் பழமும் கீரையும் உதவும். ஊறுகாய், அப்பளம், கருவாடு கிட்டேயே போகக்கூடாது. வந்தவாசிப் பயணம் ரத்து, வாராவாரம் வந்து காட்ட வேண்டும்.

கடைசியாக மூன்று பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னார். "தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, கண்ணு முன்னாடி மின்னினாலோ, மேல்வயிறு வலிச்சாலோ, அந்த நிமிஷமே இங்க வரணும். விட்டா ஃபிட்ஸ்ல போய் முடியும்."

அம்மா காலி அண்டாக்களோடு அழுதுகொண்டே பஸ் ஏறினார்.

ஜரிகை வைத்தியம்

வீட்டுக்கு வந்ததும் மாமா சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினார். என் இரும்புக் கட்டில் அன்றே கொல்லைக்குப் போனது. ஜரிகையை இரும்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாதாம். மரப்பலகை வந்தது. பவுடர், சென்ட், வாசனை எண்ணெய் எல்லாம் தடை. வியர்வை ஜரிகைக்கு எமன் என்பதால் மேசை விசிறி நாள் முழுக்க என் பக்கம். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும் என்பதால் வேட்டி. வெயில் தாழ்ந்த பிறகு கால் மணி நேரம் நிழலில் காற்றாட வைத்தல்.

"டாக்டரம்மா இடப்பக்கமே படுக்கச் சொன்னாங்க மாமா."

"சொல்லுவாங்க. அவங்க பட்டு கட்டறவங்க, மடிச்சு வைக்கறவங்க நாம. ஒரே மடிப்புல வுட்டா மடிப்புலயே வெடிச்சிடும்மா. புடவைக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்தணும். உசுருள்ள உடம்புக்கு ரெண்டு மணி நேரம்."

இந்தக் கணக்கை எந்த வாய்ப்பாட்டில் போட்டார் என்று தெரியவில்லை.

என்னுடைய படிப்பையும் ஒருமுறை எடுத்துவிட்டுப் பார்த்தேன். "மாமா, வெள்ளி கறுக்கறது காத்துல இருக்கற கந்தகத்தால. டாக்டரம்மா சொன்ன துரு ஆக்ஸிஜன் சமாச்சாரம். ரெண்டும் வேற."

"நீ ஒம்போதாங் கிளாஸுக்கு எடும்மா. நான் சூரத்துக்காரனுக்கே எடுக்கறேன்," என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நான் எந்தப் பக்கம் படுத்திருக்கிறேன் என்று அதற்கு முன் யாரும் கவலைப்பட்டதில்லை.

இன்னொரு பக்கம் அத்தையின் வைத்தியம். நெல்லிக்காய் நல்லது என்றதும் இரண்டு படி வாங்கி வந்து, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, ஜாடி நிறைய உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார்.

"ஊறுகாய் கூடாதுன்னாங்களே அத்தை."

"இது ஊறுகாய் இல்லடி. எண்ணெய் இல்ல, கடுகு இல்ல. இது நெல்லிக்காய்."

உப்பின் வேதியியல் பெயரும் குறியீடும் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரு நாளைக்கு ஆறு தின்றேன். தின்றுவிட்டு மேலே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதற்காகவே இன்னும் இரண்டு.

மாத்திரைகளை மாமாவே எடுத்துக் கொடுத்தார். மூன்று வகை எழுதியிருந்ததும் என் கைக்கு இரண்டு வகைதான் வந்ததும் எனக்கு உறைக்கவே இல்லை. துருவைப் பாடமாக எடுத்த டீச்சர், துரு நிறத்து மாத்திரை காணாமல் போனதைக் கவனிக்கவில்லை.

கூடமெல்லாம் மின்னியது

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம். காலையிலிருந்து தலைவலி. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். மாமா கடிகாரத்தைப் பார்த்தபடி வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றார்.

"மடிப்பு மாத்தற…"

"மாமா, ஜரிகைக் கட்டை இங்கியா பிரிச்சீங்க? கூடமெல்லாம் பறக்குது பாருங்க, மின்னி மின்னி."

நிஜமாகவே பறந்தது. சுவரில், விட்டத்தில், அவர் தோளில், பொன் பொடியாக. ஜரிகை விற்கிற வீட்டில் அது ஒரு அதிசயமாகவே எனக்குத் தோன்றவில்லை.

மாமா நிமிர்ந்து விட்டத்தைப் பார்த்தார். பிறகு என் கண்ணைக் குனிந்து பார்த்தார்.

"சூரத்து சரக்கு வந்து இருவது நாள் ஆச்சும்மா. வீட்டுல ஒரு முழம் ஜரிகை இல்ல," என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

டாக்டரம்மா சொன்ன வார்த்தை எனக்கு நினைவில்லை. மாமாவுக்கு இருந்தது. செருப்பில்லாமல் சட்டையில்லாமல் தெருவில் இறங்கி ஓடினார். "வண்டி, வண்டி, ஜல்தி," என்று அவர் கத்திக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. முப்பது வருடம் கடையில் அதிர்ந்து பேசாத மனிதர்.

டாக்டரம்மா பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு உடனே ஊசி போட்டார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே இல்லையே. இரும்பு மாத்திரை போட்டுகினு இருந்தீங்களா?"

மாமா வேட்டி மடியிலிருந்து பிரிக்காத அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். நாலு அட்டை.

"துருன்னு சொன்னீங்களேம்மா. துருப் புடிக்கிறது இரும்புதான. ஜரிகை பக்கத்துல இரும்பே ஆகாது, உள்ளாற எப்படி வுடறதுன்னு…"

"அதை ஏன் இடுப்புல வச்சுகினு கீறீங்க?"

"வீட்ல வைக்கக்கூட பயமா இருந்துச்சும்மா."

அத்தையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நெல்லிக்காய் ஜாடியைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் தினம் எத்தனை தின்றேன் என்பதை நான் சொன்னேன். டாக்டரம்மா நெற்றியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தோம்.

"துருன்னு சொன்னது என் தப்பு," என்றார். "இதுக்கு மேல மாத்திரையில ஓட்ட முடியாது. பிரசவம் ஆனாத்தான் இந்த நோய் இறங்கும். இப்பவே வேலூருக்குக் கிளம்புங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன். ரெண்டு உசுரு இருக்குது, வழியில எங்கியும் நிக்காதீங்க."

வேலூரில்

வேனில் அத்தை என் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "நெல்லிக்காயால வந்துச்சாடி?" பாதி வழியில் குழந்தை ஒருமுறை உதைத்தது. அத்தையின் கையை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். மாமா முதல் ஆளாகக் கையை நீட்டினார். எடுப்பதற்கு முன் அவருக்குப் பிரஷர் பார்த்தார்கள். என்னுடையதைவிட அவருடையது அதிகமாக இருந்தது. பார்த்த பையன் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு கருவி கொண்டுவந்தான். அதிலும் அதேதான். ரத்தம் கொடுக்கப் போன மனிதர், உப்பைக் குறை என்ற சீட்டோடும் மாத்திரையோடும் திரும்பி வந்தார்.

"எனக்கும் கறுத்துப் போச்சாமே," என்றார் அத்தையிடம். சென்னையிலிருந்து ஓடி வந்த என் வீட்டுக்காரர்தான் ரத்தம் கொடுத்தார்.

மறுநாள் காலை அறுவை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். ஒன்றரைக் கிலோ. எட்டு மாதம் முடியாத குழந்தை என்பதால் நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். எனக்குப் பிரஷர் இறங்காமல் நான் ஒரு வார்டில், அவள் ஒரு வார்டில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் இந்தத் துருவைச் சத்து மாத்திரைகளாலேயே தடுத்துவிடலாம் என்று டாக்டர்களுக்கே ஓர் ஆசை இருந்தது. வைட்டமின் மாத்திரைகள் நினைத்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். நல்ல சாப்பாடு எந்தக் கர்ப்பிணிக்கும் வேண்டும். ஆனால் இந்த நோய் நன்றாகச் சாப்பிட்டவளுக்கும் வரும். பார்க்க வேண்டியது பிரஷரைத்தான். அத்தையின் நெல்லிக்காயால்தான் எனக்கு வந்தது என்று இன்று எந்த டாக்டரும் சொல்ல மாட்டார். எவ்வளவு சொல்லியும் அத்தை நம்பவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஜாடியில் அரிசிதான் இருந்தது.

ஐந்தாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் குழந்தையிடம் அழைத்துப் போனார்கள். கண்ணாடிக்குள் என் உள்ளங்கை அகலத்தில் ஒரு முதுகு தெரிந்தது. பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றியிருந்தார்கள். பவுடர் இல்லை, எண்ணெய் இல்லை. கை கழுவாமல் யாரும் கிட்டே போகக்கூடாது. நான் கேட்காமலேயே நர்ஸ் விளக்கம் சொன்னார்.

"ஒரே பக்கமா விட மாட்டோம்மா. தோல் புண்ணாயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்திப் படுக்க வைப்போம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அறைக்கு வெளியே பெஞ்சின் நுனியில் மாமா உட்கார்ந்திருந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். சூரத்துப் பெட்டி வந்து இறங்கியும் ஐந்து நாளாக ஊருக்கே போகவில்லை என்று அத்தை சொல்லியிருந்தார்.

அவர் எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. ஒற்றை விரலால் கதவுக் கண்ணாடியை மெதுவாகத் தட்டினார்.

"மடிப்பு மாத்தற நேரம் ஆயிடுச்சும்மா."

நர்ஸ் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார்.

"மாத்திடுங்க சிஸ்டர்," என்றேன்.